சங்கின் மகிமையும் கடல் முயலின் யோக்கியதையும்

(திருச்சியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் கடலில் ஊர்கின்ற ஒரு பிராணியைப் பற்றியதாகும். "மலைக்கோட்டைக்கு அடியில் மேடை போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிற ஜனங்களிடம் ஒரு புழுவைப் பற்றியா பேசுவது?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை. ஆனால் நாம் சொல்லி முடித்த பிறகு, இந்தப் புழுவுக்கும் உங்கள் வீட்டுப் பூஜை அறைக்கும், உங்கள் வீட்டுப் பெண்களின் உயிருக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

முன்னதாக ஒரு வார்த்தை. நாம் காலேஜில் படித்தவர்களல்ல. பிராணி சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவர்களுமல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து, புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவர்களேயாவோம். ஆதலால், நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வைத்துக் கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

முதலில் சங்கை எடுத்துக் கொள்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தில் சங்கைப் பார்க்காதவர் யாரும் இல்லை. சாமி கையிலும் சங்கு, கோபுரத்திலும் சங்கு, குழந்தைக்குப் பால் புகட்டவும் சங்கு, பிணத்துக்கு முன்னால் ஊதவும் சங்கு. பிறப்பு முதல் சாவு வரை நம்மோடு வருகின்ற இந்தச் சங்கு என்பது என்ன? அது ஒரு கடல் நத்தையின் வீடு, அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவின் மணற்பாங்கான கடலடியில் புழுக்களைத் தின்று வாழ்கின்ற ஒரு பிராணி, தன் மெத்தென்ற உடம்பைக் காப்பாற்றிக் கொள்ளச் சுண்ணாம்பால் கட்டிக் கொள்கின்ற கூடுதான் சங்கு. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் உள்ள சங்கு குளிக்கும் தோழர்கள் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி அதை எடுத்தார்கள். எடுத்ததில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் கைவளையாயிற்று. சென்னை மாகாண மீன் இலாகாவில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1914-ல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

உயிரைப் பணயம் வைத்துக் குளித்து எடுத்தவனுக்குக் கூலி. ஓட்டுக்கு மாலை மரியாதை. அதைக் கட்டிய நத்தைக்கோ கொதிக்கிற தண்ணீர்! கட்டியவன் ஒருவன், எடுத்தவன் ஒருவன், மரியாதை மட்டும் வேறொன்றுக்கு என்கின்ற வழக்கம் நத்தை விஷயத்தோடு நின்றுவிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நிற்க.

இனி வலம்புரிச் சங்கின் மகிமைக்கு வருவோம். சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரி. லட்சக்கணக்கான சங்குகளில் எப்போதோ ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும், அது வலம்புரி. (சாஸ்திரக்காரர்கள் நம்முடைய இடம்புரியை வலச்சுற்று என்றும், வலம்புரியை இடச்சுற்று என்றும் சொல்லுகிறார்கள். பிடித்துப் பார்க்கும் விதத்தில் உள்ள வித்தியாசமே தவிர, சங்கில் வித்தியாசமில்லை.) இந்த வலம்புரி வீட்டில் இருந்தால் லட்சுமி வருவாள், கடன் தீரும், அதில் வைத்த தண்ணீரைக் குடித்தால் வியாதி தீரும் என்று சொல்லி, ஆயிரத்திலிருந்து லட்சக்கணக்கான ரூபாய் வரை விற்கின்றார்கள்.

அபூர்வம் என்பது உண்மை. ஆனால் அபூர்வமாயிருப்பதனாலேயே அற்புதம் ஆகிவிடுமா என்று கேட்கின்றோம். நம்மில் சிலர் இடது கையால் எழுதுகிறார்கள். அதுபோல் நத்தையிலும் சில எதிர்ச்சுற்றாய் வளர்கின்றன. குளத்து நத்தை ஒன்றை வைத்து ஜப்பானில் ஆராய்ந்தவர்கள், சுற்று எந்தப் பக்கம் என்பதைத் தாய் நத்தையிடமிருந்து வரும் ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கின்றது என்றும், அந்த ஜீனைக் கெடுத்துவிட்டால் குஞ்சுகள் எதிர்ச்சுற்றாய்ப் பிறக்கின்றன என்றும் 2019-ல் செய்தே காட்டிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மனிதன் திருப்பி வைக்கக்கூடிய ஒரு சுற்றில் லட்சுமி எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஒரு வகை நத்தை இருக்கின்றது. அதன் ஓடு இயற்கையாகவே நம் வலம்புரியைப் போலச் சுற்றியிருப்பது. அங்கே அது அபூர்வமல்ல. டெக்சாஸ் ராஜ்யம் 1987-ல் அதைத் தன் ராஜ்யச் சிப்பியாகவே வைத்துக் கொண்டது. அந்த ஓட்டைக் கொண்டு வந்து மெருகேற்றி, "ராமேசுவரத்து வலம்புரி" என்று இங்கே விற்கின்றார்கள். இதைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. சங்கின் வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடல் சங்காயிருந்தால் மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு போல் தெரியும். அமெரிக்க ஓட்டில் அந்த மடிப்பு கிடையாது. அமெரிக்க நத்தையின் ஓட்டுக்குத் துளசி சாத்திக் கும்பிட்டும் கும்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், மகிமை ஓட்டில் இருக்கின்றதா, விற்றவன் வாயில் இருக்கின்றதா?

"காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதே!" என்பார்கள். வீட்டுக்குப் போய் ஒரு காலிச் சொம்பைக் காதில் வைத்துப் பாருங்கள். அதிலும் அந்த ஓங்காரம் கேட்கும். சுற்றியுள்ள சத்தம் குழிவான பாத்திரத்துக்குள் போய் முழங்குகின்றது. நள்ளிரவில் நிசப்தமான இடத்தில் சங்கை வைத்தால் ஓங்காரமும் அடங்கிவிடும்.

இப்போது நம் கதாநாயகனான புழுவிடம் வருகின்றோம். சங்கு நத்தைக்குத் தூரத்துப் பங்காளியாய் ஒரு கூட்டம் உண்டு. அவை ஓட்டைக் கைவிட்ட நத்தைகள். வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளில் இவற்றில் பல வகை உண்டு. செக்கச் செவேலென்று ஒன்றரை அடி வரை வளர்ந்து, பாவாடை விரித்து ஆடுகிறாற்போல் நீந்துகின்ற ஒன்றை ஸ்பானிய நாட்டியக்காரி என்றே அழைக்கின்றார்கள். நாம் இன்று சொல்ல வந்தது அவ்வளவு அழகில்லாத இன்னொன்றைப் பற்றி. அதற்குக் கடல் முயல் என்று பெயர். தலையில் முயல் காது போல் இரண்டு கொம்புகள் நிமிர்ந்து நிற்பதால், கிரேக்கரும் ரோமரும் அந்தக் காலத்திலேயே வைத்த பெயர். இதில் பெரிய இனமொன்று ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கின்றது. நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றது. ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட வளரும். பாசி படிந்த கல்லைப் போல் பச்சையும் பழுப்புமாய், முள் முள்ளாய் இருக்கும். பகலில் மணலிலும் பாசியிலும் பதுங்கியிருந்து இரவில் பாசி மேயும். முன்னோர் சுமந்த ஓடு சிறுத்து உடம்புக்குள் ஒரு தகடாக மறைந்து கிடக்கின்றது. தொந்தரவு செய்தால் ஊதா நிற மையைப் பீய்ச்சும். ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் ஒரே சமயத்தில் இருக்கும். நூல் சிக்கு விழுந்தாற்போல் முட்டையிடும். பிஜித் தீவில் இதைச் சமைத்துத் தின்கிறார்கள். பிலிப்பைன்ஸில் முட்டையைத் தின்கிறார்கள்.

"கடலெங்கே, திருச்சி எங்கே?" என்பீர்களேயானால், கடல் நமக்கு அன்னியமல்ல. இங்கிருந்து வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் பக்கமெல்லாம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த இடம். கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டுகின்ற சுண்ணாம்புக்கல் அந்தப் பழைய கடலின் அடிமட்டந்தான். கருடமங்கலத்துக் கல்லை மெருகேற்றினால் நத்தைக் கூடுகள் வரிசை வரிசையாய்த் தெரியும். அதற்கு உலகத்தார் வைத்த பெயரே "திருச்சினாப்பள்ளி மார்பிள்" என்பது. இந்தப் பக்கத்துக் கல்லான நத்தைகளை ஸ்டோலிச்கா என்கின்ற அறிஞர் 1860-களில் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். இதையெல்லாம் எந்த ஸ்தல புராணமும் நமக்குச் சொல்லவில்லை; கல்லை உடைத்துப் பார்த்தவன் சொன்னான்.

நிற்க, கடல் முயலைப் பற்றிப் பழைய காலத்தார் என்ன நினைத்தார்கள் என்று பார்ப்போம். ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் பிளினி என்ற ஒரு பெரிய பண்டிதர் இருந்தார். இந்தியக் கடலிலுள்ள கடல் முயலைத் தொட்டாலே வாந்தி எடுக்கும் என்றும், கர்ப்பிணி அதைப் பார்த்தாலே கருச்சிதைவாகும் என்றும், அதற்குப் பரிகாரமாக ஆண் கடல் முயலை உப்பிட்டு உலர்த்திக் கையில் காப்பாய்க் கட்டிக் கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்தார். தாயத்து வியாபாரம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல, பார்த்தீர்களா? ஆணும் பெண்ணும் ஒன்றாயிருக்கிற பிராணியில் "ஆண்" முயலைத் தேடச் சொன்னதே அந்தப் பண்டிதர் அதை அறுத்துப் பார்க்கவில்லை என்பதற்கு ருஜுவாகும். அறுத்துப் பார்த்தவனுக்கு என்ன மரியாதை நடந்தது? கி.பி. 158 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் அபுலேயஸ் என்ற ஒருவர், வினோதமான கடல் பிராணிகளைத் தேடி வாங்குகிறார், ஆகவே மந்திரவாதி என்று கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். "ஆராய்ச்சிக்காக அறுத்துப் பார்த்தேன்" என்று அவர் வாதாட வேண்டியதாயிற்று. பார்க்காமல் எழுதியவர் பண்டிதர். பார்க்கத் துணிந்தவர் குற்றவாளி!

ஆனால் உலகம் பிளினியோடு நின்றுவிடவில்லை. எரிக் கேண்டல் என்கின்ற டாக்டர், ஹிட்லருக்குப் பயந்து 1939-ல் சிறு பையனாய் வியன்னாவை விட்டு அமெரிக்காவுக்கு ஓடியவர். ஞாபகம் என்பது என்ன என்று கண்டுபிடிக்க அவர் கலிபோர்னியாக் கடல் முயலை எடுத்துக் கொண்டார். மனிதன் மூளையில் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள். கடல் முயலுக்கோ சுமார் 20,000 மட்டுமே. அவற்றில் சில வெறுங்கண்ணுக்கே தெரியும். அதை மெதுவாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக் கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், ஆபத்தில்லை என்று கற்றுக் கொண்டு இழுப்பதைக் குறைத்துவிடும். வாலில் அதிர்ச்சி கொடுத்தால் எச்சரிக்கையாகிவிடும். பல தடவை கொடுத்தால் பல நாட்கள் ஞாபகம் வைத்திருக்கும். அப்படி நெடுநாள் நிற்கும் ஞாபகத்தில், நரம்பணுக்களுக்கு நடுவே புதிய இணைப்புகள் முளைப்பதை அவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டார்கள். இதற்காக அவருக்கு 2000-ல், வேறு இருவரோடு சேர்த்து, நோபல் பரிசு கொடுத்தார்கள். கற்பதும் நினைப்பதும் ஆத்மாவின் வேலையல்ல, நரம்பின் வேலை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் என்ன வேண்டும்?

இதில் நாம் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தப் புழு பத்துத் தடவை தொட்டுப் பார்த்து ஆபத்தில்லை என்று தெரிந்தவுடன் பயத்தை விட்டுவிடுகின்றது. நம் வாழ்நாளில் பூனை ஆயிரம் தடவை குறுக்கே போயிருக்கின்றது, ஒன்றும் ஆகவில்லை, ஆயிரத்தோராவது தடவையும் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுகின்றோம். 20,000 நரம்பணு உள்ளது கற்றுக் கொள்ளுகின்றது. 8600 கோடி உள்ளவன் கற்க மாட்டேன் என்கிறான்.

இன்னொரு ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஜார்ஜ் பெட்டிட் என்ற ரசாயன அறிஞர், புற்றுநோய்க்கு மருந்து தேடி, மொரீஷியஸ் தீவுப் பக்கத்திலிருந்து நாம் முன்சொன்ன பெரிய கடல் முயலைக் கொண்டு வந்து ஆராய்ந்தார். மூட்டை மூட்டையாய்ப் பிராணிகளைப் பிழிந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவான சரக்குதான் கிடைத்தது. சுமார் 15 ஆண்டு பாடுபட்டு, 1987-ல் டோலாஸ்டாட்டின் 10 என்னும் பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். அணுக்கள் பிளந்து பெருகுவதைத் தடுக்கின்ற கடுமையான விஷம் அது. அதை அப்படியே கொடுத்துப் பார்த்ததில் பிரயோஜனப்படவில்லை. நோயைவிட மருந்து கொடியதாயிருந்தது. பிறகு அதைப்போல் ஒன்றை ஆய்வுக்கூடத்திலேயே செய்து, நோயுற்ற அணுவைத் தேடிப் போய் ஒட்டிக் கொள்கிற ஒரு புரதத்தோடு கட்டி அனுப்பினார்கள். விலாசம் எழுதிய கவர் போல் அது போய்ச் சேருகின்றது. பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்கின்ற அந்த மருந்துக்கு 2011-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. ஹாட்ஜ்கின் என்கின்ற நிணநீர்க் கட்டிப் புற்றுநோய், மற்ற சிகிச்சைக்குப் பின்னும் திரும்பி வந்தவர்களுக்கு முதலில் அது பயன்பட்டது.

"பார்த்தீர்களா, ஆண்டவன் புழுவுக்குள்ளும் மருந்து வைத்திருக்கிறான்!" என்று யாராவது சொல்லக்கூடும். அந்த விஷம் புழுவுக்குச் சொந்தமல்ல. அது மேய்கின்ற ஒரு நுண்ணுயிர்ப் பாசியிலிருந்து வருவது என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளை அப்படியே ஏற்றினால் நோயாளி தாங்க மாட்டான். விஷத்தை மருந்தாக்கியது மனிதனின் நாற்பதாண்டுப் பாடு. ஆகவே நாளைக்கு யாராவது "கடல் முயல் லேகியம்" என்று டப்பியைத் தூக்கிக் கொண்டு வந்தால், நாம் இன்று பேசியதை அத்தாட்சியாகக் காட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கின்றோம். சங்குத் தண்ணீரும் புரட்டு, லேகியமும் புரட்டு.

தோழர்களே! இதுவரை சொன்னது புத்தகத்தில் உள்ளது. இனிச் சொல்லப் போவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொல்லுவதற்கு நமக்குக் கஷ்டமாயிருக்கின்றது. ஆனாலும் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்க நமக்கு யோக்கியதை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் நமக்கு வேண்டிய ஒரு தையற்காரத் தோழர் வீட்டிற்குப் போயிருந்தோம். அவருடைய மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. வலியில்லை, ஆனால் சாயங்காலம் காய்ச்சல், இரவில் வேர்வை, உடம்பு இளைப்பு. வெளியூரிலிருந்து வந்த ஒரு பேர்வழி, வலம்புரிச் சங்கில் இரவு தண்ணீர் வைத்து விடியற்காலையில் ஒரு மண்டலம் குடித்தால் கட்டி கரையும் என்று சொல்லி, 80,000 ரூபாய்க்கு ஒரு சங்கைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த அம்மாளின் தாலிக்கொடியும் தோடும் அடகுக்கடைக்குப் போயிருந்தன. தோழர் சங்கை நம் கையில் கொடுத்து, "அண்ணே, பாருங்கள்" என்றார். வெற்றிலைத் தட்டும் காப்பியும் வந்தன. அந்த அம்மாளின் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நாம் என்ன செய்தோம் தெரியுமா? ஊரெல்லாம் மேடை போட்டு மூடநம்பிக்கையைச் சாடுகின்ற நாம், அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்கின்ற தாட்சண்யத்தால், "ஆஸ்பத்திரியிலும் காட்டுங்களேன்" என்று முணுமுணுத்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஒரு மண்டலம் எட்டு மாதமாயிற்று. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாம் இப்போது சொன்ன அதே ஹாட்ஜ்கின் நோய். காலத்தோடு போனால் பெரும்பாலோர் குணமாகக்கூடிய நோய். சிகிச்சை நடந்தது, அடங்கிற்று, திரும்ப வந்தது. அப்போது ஒரு டாக்டர் அந்தப் புதிய மருந்தைப் பற்றிச் சொன்னார். விலை லட்சக்கணக்கில் என்றார். அவர்களிடம் இருந்ததோ ஒரு சங்கு. பணம் புரட்ட நாங்கள் நாலு பேர் அலைந்து கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

அந்த மருந்து கிடைத்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல மாட்டோம். அது நமக்குத் தெரியாத விஷயம். எட்டு மாதம் முந்திப் போயிருந்தால் பிழைக்க வழி அதிகமாயிருந்திருக்கும் என்பது மட்டும் டாக்டர்கள் சொன்னது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்தத் தோழர் சங்கைக் கொண்டு வந்து நம் முன் வைத்தார். அதற்குள் நாம் படித்திருந்தோம். வாய்க்குள் பார்த்தோம். மடிப்பு இல்லை. அமெரிக்க நத்தையின் ஓடு! "என்ன அண்ணே?" என்றார். சொன்னோம். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். தோழர்களே, ஓட்டின் விஷயம் அன்றைக்கு நமக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சங்குத் தண்ணீருக்கும் கட்டி கரையாது என்பது தெரியும். தெரிந்தும் வாயை மூடிக் கொண்டிருந்தோம். அதற்குப் பதில் நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தில் நாம் உங்களைக் கேட்டுக் கொள்வது மூன்று. ஒன்று, கழுத்திலோ அக்குளிலோ மார்பிலோ கட்டி தெரிந்தால், அது வலித்தாலும் வலிக்காவிட்டாலும், சங்குக்கும் சாமியாருக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; பெண்கள் சொல்ல வெட்கப்பட்டால் ஆண்கள் கேட்டு அழைத்துப் போங்கள். இரண்டு, அண்டை வீட்டில் இப்படி ஒரு புரட்டு நடந்தால் தாட்சண்யம் பார்க்காதீர்கள். கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். உயிரோடு இருந்து கோபித்துக் கொள்ளட்டும். மூன்று, மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது தையற்காரன் வீட்டு வாசலுக்கும் வர வேண்டும். அறிவு கண்டுபிடித்ததைப் பணம் பூட்டி வைத்திருக்கும் வரையில் ஏழை சங்கைத் தேடித்தான் போவான். ஆதலால், சங்கைப் பரிகாசம் செய்கிறவர்கள், மருந்தின் விலையைப் பற்றிச் சர்க்காரைக் கேட்கவும் கடமைப்பட்டவர்களாவார்கள்.

கடல் முயல் தன் முதுகிலிருந்த ஓட்டைக் கைவிட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாய் உயிரோடுதான் இருக்கின்றது. நாமும் சில ஓடுகளைக் கைவிட்டால் செத்துப் போய்விட மாட்டோம்.